நாற்பத்தெட்டு ராஜம்மாக்கள்

எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், மின்தூக்கிக்கு எதிர்வீட்டில் இருப்பவர் புஷ்பவள்ளி அக்கா. வயது நாற்பத்தேழு. மலேசியாவின் தென்கோடியில், எங்கள் மாசாயிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்குப் போகும் ஃபேக்டரி பேருந்தில், இருபத்து நான்கு வருடமாக ஒரே ஜன்னலோர இருக்கையில் போய் வருகிறார். அங்கே அவர் செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது.

உள்ளங்கை அளவுள்ள பச்சை மின்தகடுகள் தட்டுக்கு நாற்பது வீதம் வரிசையாக அவர் முன்னால் வரும். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அதில் ஒன்றுபோல இல்லாததைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒன்றில் கம்பிக்கால் வளைந்திருக்கும். இன்னொன்றில் ஈயம் ஒரு சொட்டு கூடியிருக்கும். கோளாறு இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளவேண்டும். மற்றவற்றுக்கு முத்திரை குத்தவேண்டும். முத்திரையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அக்காவின் எண் பதினான்கு. ஆறு வருடமாக சூப்பர்வைசராக இருக்கும் பிரேமலாகூட, "பதினாலு, கொஞ்சம் இங்க வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

"பரவால்லலா," என்பார் அக்கா. "பதிமூணாம் நம்பர் ஸ்டாம்ப யாருமே வாங்க மாட்டேங்கறாங்க. அதுக்கு இது தேவல."

அக்காவிடம் கேமரா வந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் மகன் ரூபேந்திரன் தேனிலவுக்காக வாங்கியது. தேனிலவு முடிந்ததும் அவனுக்குக் கைப்பேசியே போதுமென்று ஆகிவிட்டது. நீளமான லென்ஸ் ஒன்றோடு சேர்த்து அத்தையிடம் தள்ளிவிட்டான்.

கேமரா கையில் வந்தால் எல்லாரும் முதலில் வீட்டு ஆட்களைத்தான் எடுப்பார்கள். அக்கா எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், கோயில் வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்தார். பிறகு எங்கள் கீழ்த்தளத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை, கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கும்போது எடுத்தார். மாடிக்கு மாடி நீட்டிக்கொண்டிருக்கும் துணிக்கம்பிகள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அடுக்கிய முட்டைகள், எரிவாயு லாரியில் நிற்கும் சிலிண்டர்கள். ஒன்றுபோல நான்கு பொருள் சேர்ந்து நின்றால் அக்கா பேருந்தைக்கூட விட்டுவிடுவார்.

அவர் கணவர் மகேஸ்வரன், பள்ளி வேன் ஓட்டுநர். ஒருநாள் கேமராவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தாமான்ல உள்ள செருப்பெல்லாம் எடுத்தாச்சு. மனுஷங்க எப்ப வருவாங்க?"

"ஒங்கள மாதிரி இன்னும் மூணு பேரு வரிசையா நின்னா எடுக்கறேன்."

"அலமாக்! ஒண்ணயே ஒன்னால சமாளிக்க முடியல."

மகேஸ்வரனின் தங்கை ஷாமளா, தன் மகளின் முதல் பிறந்தநாளுக்கு அண்ணியைப் படமெடுக்கக் கூப்பிட்டது பெரிய தவறு. மேசைமேல் அகார் அகார் ஜெல்லிக் கோப்பைகளை ஆறு வரிசையாக அடுக்கி வைத்தது அதைவிடப் பெரிய தவறு. மறுநாள் படங்களைப் பார்த்த ஷாமளா கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

"எல்லாம் கப்பா இருக்கு. பாப்பா எங்க அண்ணி?"

"நல்லா பாரு. மூணாவது வரிசையில ஒரு கப்புக்குள்ள ஒரு வெரல் தெரியுதா? அது பாப்பா வெரல்."

இன்றுவரை அந்தப் பிறந்தநாளுக்கு இருக்கும் ஒரே நல்ல படம் அந்த விரல்தான். ஷாமளா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஆனால் அதன்பின் எந்த விசேஷத்துக்கும் அண்ணியிடம், "சாப்புட மட்டும் வாங்க" என்றுதான் சொல்கிறார்.

இதற்கிடையில் பாலாய் ராயா பொது மண்டபத்தில் ஒருநாள் இலவசப் புகைப்பட வகுப்பு நடந்தது. பாடம் நடத்தியவர் ஜொகூர் பாருவிலிருந்து வந்த ஏரம்பமூர்த்தி. நில அளவைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டுப் பைகள் வைத்த மேலங்கி போட்டிருந்தார். அவற்றில் ஒன்றில் மூக்குக்கண்ணாடி இருந்தது. மற்ற பதினேழும் கேமராக்காரர் என்று தெரிவதற்கு.

"ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் கண் அமைதியடையும்," என்று அவர் திரையில் ஒரு கட்டடப் படத்தைக் காட்டி விளக்கினார். "ஆனால் அமைதி நீண்டால் கண் தூங்கிவிடும். ஆகவே, ஒரே ஒரு இடத்தில் அந்த வரிசையைக் குலைக்க வேண்டும். பத்துச் சிவப்புக் குடைக்கு நடுவில் ஒரு மஞ்சள் குடை. அதுதான் படத்தின் உயிர்."

அக்கா கை தூக்கினார். "ஐயா, அந்தக் கட்டட படத்துல நாலாவது ஜன்னல்ல ஒரு பல்லி இருக்கு."

ஏரம்பமூர்த்தி திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அந்தப் படத்தைப் பதினோரு வருடமாக எல்லா வகுப்பிலும் காட்டிவருகிறாராம். பல்லியை அன்றுதான் முதலில் பார்த்தார். "வேண்டுமென்றே வைத்ததுதான்," என்றார்.

அன்று மாலை அக்கா மின்தூக்கிக்காகக் காத்து நின்றபோது என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருவத்து நாலு வருஷமா அந்த ஒண்ணத் தேடித் தேடித் தூக்கிப் போடறேன். இங்க என்னடான்னா அந்த ஒண்ணுக்குத்தான் கைதட்டறாங்க."

இனி ஆலயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தாமானின் மாரியம்மன் ஆலயம் சிறியது. அதன் செயலவை பெரியது. தலைவர் சதாசிவம், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பதினோரு வருடமாகப் போட்டியில்லாமல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். போட்டியிட விரும்பி வருகிறவர்களிடம், வேட்புமனு பாரம் தீர்ந்துவிட்டது என்று வருத்தத்தோடு தெரிவிப்பது அவர் வழக்கம்.

ஆடி மாதம் பிறந்ததும் தாமானின் முனையில் பெரிய பதாகை எழும். நடுவில் அம்மன் சின்னதாக இருப்பாள். சுற்றிலும் செயலவையினர் பதினெட்டுப் பேரின் முகங்களும் மூன்று வரிசையாக இருக்கும். எல்லாரும் கோட்டு அணிந்திருப்பார்கள். யாரும் கோட்டு அணிந்து படம் எடுத்துக்கொண்டதில்லை. அச்சுக்கடைக்காரரிடம் ஒரு கோட்டுப் படம் இருந்தது. அதன்மேல் பதினெட்டுத் தலைகளையும் வைத்துவிட்டார். அக்கா அதையும் படம் எடுத்தார். "பதினெட்டுப் பேருக்கும் அதே ரெண்டாவது பட்டன் கழண்டிருக்கு பாத்தியா?" என்று எனக்குக் காட்டினார்.

பதாகையின் அடியில் பெரிய எழுத்தில் '1008 பால்குட ஊர்வலம்' என்று இருக்கும். ஆலயத்தில் உள்ள பித்தளைக் குடங்கள் அறுபது. போன வருடம் வந்த பெண்கள் ஐம்பத்தைந்து. யாராவது கேட்டால் சதாசிவம், "ஆயிரத்தெட்டுங்கறது எண்ணிக்கை இல்லப்பா, ஐதீகம்" என்பார்.

ஆனால் போன வருடம் வந்திருந்த ஒய்.பி., அதாவது எங்கள் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர், ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, "மீதிப் பேர் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார்களா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்துவிட்டார். ஆலய மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தருவதாகச் சொன்னவர் அவர்தான். சிரித்துவிட்டுப் போனவர் கூரையைப் பற்றி அப்புறம் பேசவில்லை. சதாசிவத்துக்கு அந்தச் சிரிப்பு ஒரு வருடம் தூக்கத்தைக் கெடுத்தது. இந்த வருடம் ஒய்.பி.யின் அலுவலகச் சுவரில் ஆலயத்தின் காலண்டர் தொங்கவேண்டும், அதில் ஆயிரத்தெட்டுக் குடங்கள் தெரியவேண்டும் என்று முடிவெடுத்தார். அப்படித்தான் அக்காவைத் தேடி வந்தார்.

"புஷ்பம், நீ வரிசையா இருக்கறத நல்லா எடுப்பியாமே?"

"எடுப்பேன் தலைவரே."

"இந்த வருஷம் காலண்டர் படம் நீதான். பாக்கறவனுக்கு ஆயிரத்தெட்டுன்னு தோணணும்."

"எத்தன பேரு வருவாங்க?"

"அம்மன் நெனச்சா வருவாங்கமா."

"போன வருஷம் அம்மன் அம்பத்தஞ்சு பேரத்தான் நெனச்சா."

சதாசிவம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "படத்துக்குக் கீழ என் பேரு போடுவீங்களா?"

"போடறோம்லா. பெருசாவே போடறோம்."

இது மற்றவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். அக்காவின் கையைத் தாண்டிப்போன மின்தகடுகள் எத்தனையோ நாட்டில் எத்தனையோ வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. வாடகைச் சீட்டு மகேஸ்வரன் பெயரில். வேனும் அவர் பெயரில். திருமண அழைப்பிதழ்கள் 'திரு. மகேஸ்வரன் குடும்பத்தார்' என்று வரும். தாமானில் இருநூற்றுச் சொச்சம் வீட்டுச் சுவரில் பன்னிரண்டு மாதம் தன் பெயர் தொங்கப்போகிறது என்று நினைத்தபோது அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் ஃபேக்டரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பிரேமலா, "ஒங்க பேரு புஷ்பவள்ளியா? நல்லாருக்கே! ஒரு காலண்டர் கொண்டாங்க, நம்ம லைன்ல மாட்டலாம்" என்றார். ஆறு வருடத்தில் அன்றுதான் அவர் அந்தப் பெயரை உச்சரித்தார்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாதிப் பெண்களுக்கு அன்று ஓவர்டைம். இன்னும் கொஞ்சம் பேர் பக்கத்துத் தாமான் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அங்கே குடம் எடுத்தால் சேலை இலவசம். எங்கள் கோயிலுக்கு வந்தது சரியாக அறுபது பேர். அறுபது குடங்களிலும் பால் ஊற்றி, வாயில் மஞ்சள் துணி கட்டித் தயாராக வைத்தாயிற்று. ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் பேச்சியம்மாள் ஓடி வந்தார். பேரங்காடியில் துப்புரவு வேலை செய்பவர். இரவு முறை முடிந்து, அங்கேயே கழிப்பறையில் சேலை மாற்றிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார்.

பட்டியலும் கையுமாக நின்ற செயலாளர் வசந்தன், "கொடம் முடிஞ்சிருச்சுக்கா" என்றான்.

"கொடம் முடிஞ்சா வேண்டுதலும் முடிஞ்சிருமா தம்பி?"

"அறுவதுதான் இருக்கு. நான் என்ன பண்றது?"

"பதாகையில ஆயிரத்தெட்டு போட்டிருக்கியே. மீதிய எங்க வெச்சிருக்க? எடு."

வசந்தன் பட்டியலைப் பார்த்தான். அதில் அறுபது வரைதான் இருந்தது. பேச்சியம்மாள் தன் பையிலிருந்து சோற்றுத் தூக்கை எடுத்தார். மூடியும் பிடியும் உள்ள எவர்சில்வர் தூக்கு. குழாயடியில் மூன்று தரம் கழுவினார். பூசாரி தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "பால் பால்தாம்மா. கொண்டா, ஊத்தறேன்" என்றார். மஞ்சள் துணி மீதமில்லை. தூக்கு வெறுமனே தலையில் ஏறியது.

அக்கா அப்போது சாலையோர அடுக்குமாடியின் நான்காவது மாடி நடைவழியில் நின்றிருந்தார். பெண்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்: நான்கு நான்கு பேராக, முழங்கை இடிக்கிற மாதிரி நெருங்கி நடக்கவேண்டும். அவர் செய்தது இதுதான். வரிசையின் தொடக்கமோ முடிவோ படத்துக்குள் தெரிந்தால் பார்க்கிறவர் எண்ணிவிடுவார். நான்கு ஓரத்திலும் வரிசை வெட்டுப்பட்டு நின்றால், வெளியே இன்னும் நிறைய இருக்கிறது என்று கண் தானாகவே நம்பிக்கொள்ளும். நீண்ட லென்ஸ் முன்னால் இருப்பவரையும் பின்னால் இருப்பவரையும் ஒட்டினாற்போலக் காட்டும். சாலையும் சாக்கடையும் படத்தில் வராது. மஞ்சள் சேலையும் பித்தளையும் மட்டும் வரும்.

இருநூற்றுப் பதினான்கு தடவை அமுக்கினார். நூற்று முப்பதாவது படத்தில் வெயில் அடுக்குமாடி இடுக்கு வழியாக வந்து, பேச்சியம்மாளின் தூக்கில் விழுந்தது. பித்தளை வரிசைகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒரே ஒரு மின்னல்.

"இது பொய்யா?" என்று அன்றிரவு மகேஸ்வரனிடம் கேட்டாராம்.

"பாத்தா ஆயிரம் பேரு மாதிரிதான் இருக்கு."

"நான் ஒண்ணயும் சேக்கல. ரோட்ட மட்டும்தான் வுட்டேன்."

"அப்ப பாதிப் பொய்."

அக்கா அந்தப் பாதியை யோசித்துக்கொண்டே தூங்கினார்.

படத்தைப் பார்த்த சதாசிவத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆலய அலுவலகத்திலேயே எழுந்து நின்றுவிட்டார். "அடேயப்பா! எத்தன இருக்கு?"

"வந்தது அறுவத்தொண்ணு தலைவரே. படத்துக்குள்ள நாப்பத்திரண்டு."

"யாரும் எண்ண மாட்டாங்க."

"நான் எண்ணிட்டேன்."

சதாசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இது என்னா நடுவுல? யாரு சோத்தத் தாப்பாவ் கட்டி எடுத்துட்டுப் போறது?"

"பேச்சியம்மாக்கா. கொடம் பத்தல. அவங்க தூக்கு அது."

"ஒய்.பி. பாத்தா என்ன நெனப்பாரு? கொடம் வாங்க வக்கில்லாத கோயில்னு நெனப்பாரு. அத எடுத்துட்டு ஒரு கொடத்த வெச்சிரு."

"அது இருந்தாத்தான் படம். இல்லன்னா வெறும் பித்தளக் கடை."

"சரி சரி, பாத்துக்கறோம்" என்றார் சதாசிவம். ஆலயத் தலைவர் ஒருவர் 'பாத்துக்கறோம்' என்று சொன்னால் எதிர்த்தரப்பு தோற்றுவிட்டது என்று அர்த்தம். அக்காவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தன் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருந்த பழைய காலண்டரை அன்றே கழற்றி, ஆணியை நேராக்கி வைத்தார். அது ஆகஸ்ட் மாதம்.

டிசம்பரில் காலண்டர்கள் கட்டுக்கட்டாக வந்தன. ஞாயிறு பூசைக்குப் பிறகு வசந்தன் எல்லாருக்கும் சுருட்டிக் கொடுத்தான். அக்கா வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் கோயில் வாசலிலேயே விரித்தார். முதலில் பெயரைத்தான் பார்த்தார். 'படம்: புஷ்பவள்ளி.' சிவப்பு எழுத்தில், விரல் தடிமனில் இருந்தது. சதாசிவம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். பிறகுதான் மேலே பார்த்தார்.

நாற்பத்திரண்டு பெண்களையும் அப்படியே அள்ளி, பக்கத்தில் ஒருமுறை, மேலே ஒருமுறை என்று வசந்தன் கணினியில் இருபத்து நான்கு தடவை ஒட்டியிருந்தான். நாற்பத்திரண்டை இருபத்து நான்கால் பெருக்கினால் ஆயிரத்தெட்டு. கணக்கில் அவன் கெட்டிக்காரன். மேலே போகப்போக ஆட்களைச் சிறிதாக்கியதில் கூட்டம் மலைபோல ஏறியது. கடைசி மூன்று வரிசை, அம்மனுக்குப் பின்னால் அவன் ஒட்டிய கோபுரத்தைத் தாண்டி, வானத்தில் மேகங்களுக்கு இடையில் நடந்துபோனது. நடுவில் வெள்ளையாக மின்னிய தூக்கைக் காணவில்லை. தூக்கை மட்டும் மாற்றுவது சிரமமாக இருந்ததால் பேச்சியம்மாளையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு பெண்ணை வைத்திருந்தான். அந்தப் பெண், தலைவரின் மனைவி ராஜம்மா. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு ராஜம்மா. மொத்தம் நாற்பத்தெட்டு.

தலைவரின் மனைவி அடிக்கடி வந்தால் தலைவர் மகிழ்வார் என்று வசந்தன் நினைத்தது இயல்புதான். ஒன்றை மட்டும் அவன் கவனிக்கவில்லை. அந்த நொடியில் ராஜம்மா கண்ணை மூடியிருந்தார்.

"நாப்பத்தெட்டு எடத்துல நிக்கறேன்," என்று ராஜம்மா கோயில் வாசலிலேயே கணவரைப் பிடித்துக்கொண்டார். "ஒரு எடத்துலயாவது கண்ணத் தொறந்திருக்கேனா? தூங்கிட்டே நடக்கறவ மாதிரி இருக்கேன்!"

"பக்தியிலமா. பக்தியில மூடியிருக்க."

"மேல வானத்துல பறந்துட்டுப் போறேனே, அது?"

"அதுவும் பக்திதான்."

மற்றவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பெண்கள் ஆளுக்கு இருபத்து நான்கு இடத்தில் தங்களைத் தேடிக் கண்டுபிடித்து விரல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் மேலிருந்து கீழாக இரண்டு தரம் தேடினார். பிறகு காலண்டரைச் சுருட்டி வசந்தனிடமே கொடுத்தார். "என்னக் காணோம் தம்பி. வேற யாருக்காவது குடு" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்.

அக்கா அன்று மதியம் சமைக்கவில்லை. ஃபேக்டரியில் பசை காய்ந்துபோனதால் வேண்டாமென்று ஒதுக்கிய ஸ்டிக்கர் சுருள் ஒன்று வீட்டில் இருந்தது. காலண்டரைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பசை தடவித் தடவிச் சிவப்பு அம்புக்குறிகளை ஒட்ட ஆரம்பித்தார். படத்தில் இருந்த ஒவ்வொரு தலைக்கும் ஒன்று. நான்கு மணி நேரத்தில் சுருள் தீர்ந்தது. மீதியைப் பேனாவால் புள்ளி வைத்து எண்ணி முடித்தார்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது," என்றார் மகேஸ்வரனிடம். "அச்சுல ஓரத்த வெட்டுனதுல ஒம்பது பேரு போயிட்டாங்க. பொய்யக்கூட முழுசா சொல்லத் தெரியல."

"ட்ரிப்பிள் நைனா? எமர்ஜென்சி நம்பராச்சே, ஆம்புலன்ஸ கூப்புடவா?"

அக்கா சிரிக்கவில்லை. சுருளிலிருந்து நழுவி மேசையடியில் கிடந்தது ஒரே ஒரு அம்புக்குறி. அதைத் தன் பெயருக்கு நேராக ஒட்டினார்.

அடுத்த நாள் பிரேமலா, "காலண்டர் எங்க?" என்று கேட்டார். அக்கா, "இன்னும் வரல" என்றார். இருபத்து நான்கு வருடத்தில் அந்த மேசையில் அவர் சொன்ன முதல் பொய் அது என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்தப் பொய்தான் அவரை அன்று மாலை நேராகச் செயலவைக் கூட்டத்துக்கு அனுப்பியது.

"என் பேர எடுத்துருங்க தலைவரே."

சதாசிவம் உண்மையாகவே திகைத்துப்போனார். "பேரு வேணும்னு நீதானம்மா கேட்ட? பெருசா போட்டிருக்கோமே!"

"நான் பாஸ் பண்ணாத சாமான்ல என் பேரு இருக்கக் கூடாது."

"இது சாமானா? அம்மன் காலண்டர்மா!"

"அம்மன் மேல எனக்கு ஒரு குத்தமும் இல்ல. அம்மன் ஒருத்திதான் இதுல ஒரே ஒரு தடவ இருக்கா."

கூட்டத்தில் யாரோ தும்மினார்கள். அது தும்மல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். சதாசிவம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அஞ்சூறு காலண்டர் அடிச்சாச்சு. வீட்டுக்கு வீடு போயிருச்சு. இனிமே எப்படி எடுக்கறது? சொல்லு."

"வீட்டுக்கு வீடு போயிருச்சுன்னா, நானும் வீட்டுக்கு வீடு போறேன்."

போனார். ஃபேக்டரி பேருந்தை விட்டு இறங்கியதும் குளித்துவிட்டு, பையில் வெள்ளை ஸ்டிக்கரோடு கிளம்புவார். ஒரு நாளைக்கு இரண்டு மாடி. கதவைத் தட்டி, "காலண்டர்ல என் பேரு தப்பா வந்திருச்சு, மறைக்கணும்" என்பார். யாரும் சும்மா விடமாட்டார்கள். என்ன தப்பு, எங்கே தப்பு என்று கேட்பார்கள். அக்கா நேர்மையானவர், தன் பதினான்காம் எண் முத்திரையில் தொடங்கிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். "இங்க பாருங்க, இதே ராஜம்மாக்கா. இங்கயும் அவங்க. வானத்துலயும் அவங்க." அடுத்த நொடி அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் நாற்காலி போட்டு ஏறி ராஜம்மாவை எண்ணுவார்கள். சிலர் நாற்பத்தாறில் நின்றுவிட்டு, "இன்னும் ரெண்டு எங்கக்கா?" என்று அவர் அடுத்த மாடிக்குப் போனபின்னும் கத்திக் கேட்பார்கள். பெயரை மறைக்க மறுத்தவர்களும் உண்டு. இரண்டாவது புளோக்கில் ஒருவர், "ஒட்டறதுனா ஒட்டுங்க, ஆனா ஒங்க கையெழுத்துப் போட்டு ஒட்டுங்க" என்றார். அதில் என்ன பிரயோசனம் என்று அக்காவுக்குப் புரியவில்லை.

தலைவர் வீட்டுக் கதவை ராஜம்மாதான் திறந்தார். உள்ளே அழைத்து, மைலோ கலக்கிக் கொடுத்தார். "ஒன் பேரு மேல ஒட்டறது இருக்கட்டும். அப்படியே என் மூஞ்சி மேலயும் ஒட்டிட்டுப் போ. நாப்பத்தெட்டு இருக்கா?" அக்கா பையில் எண்ணிப் பார்த்தார். இருபதுதான் இருந்தது. "சரி, பெரிய மூஞ்சியா பாத்து ஒட்டு" என்றார் ராஜம்மா. சதாசிவம் கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காதவர்போல உட்கார்ந்திருந்தார்.

இப்படிப் பதினாறு நாள் நடந்தது. காலண்டரில் பெயர் இருந்தபோது அதை யாரும் படிக்கவில்லை. காலண்டரில் தேதிக்குக் கீழே இருப்பதை யார் படிக்கிறார்கள்? மறைத்தபிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. இப்போது எங்கள் தாமானில் வெள்ளை ஸ்டிக்கரைக் காட்டி, "இதுக்குக் கீழ என்ன இருக்கு தெரியுமா?" என்று கேட்டால் பாலர் பள்ளிக் குழந்தைகூட, "புஷ்பவள்ளி அக்கா பேரு" என்று சொல்லும். ஒய்.பி.யின் அலுவலகத்துக்குப் போன காலண்டரில் மட்டும் பெயர் மறைக்கப்படவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு மிகவும் பாராட்டி, அடுத்த வருடம் இவ்வளவு பெரிய கூட்டத்துக்குச் சின்ன மண்டபம் போதாது, கூரை போட்டுப் பயனில்லை, வேறு பெரிய இடமாகப் பாருங்கள் என்று கடிதம் எழுதியிருந்தார்.

கடைசியாக அக்கா பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனார். அங்கே மறைக்க எதுவும் இல்லை. காலண்டரை அவர்தான் திருப்பிக் கொடுத்துவிட்டாரே. அக்கா கொண்டுபோனது அந்த நூற்று முப்பதாவது படம். கடையில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்திருந்தார்.

பேச்சியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தேடவே இல்லை. கண் நேராகத் தூக்குக்குப் போனது. "இந்தா இருக்கேன்," என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிடி கொஞ்சம் வளஞ்சிருக்கு பாரு. திருவிழாவுக்கு முந்தின வாரம் கீழ போட்டேன்" என்றார்.

"பாத்தேன்கா. அதனாலதான் வெயிலு அங்க புடிச்சுது."

பேச்சியம்மாள் படத்தின் நான்கு மூலையையும் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஒன் பேரு எங்க?"

"போடல."

"ஊரெல்லாம் சுத்திச் சுத்தி மறச்சியே, அந்தப் பேரு எங்கன்னு கேக்கறேன். இதுல போடு."

பேனாவையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அக்கா படத்தைச் சமையல்மேடையில் வைத்து, கீழ் வலது ஓரத்தில் எழுதினார். வழவழப்பான தாளில் பேனா சரியாக ஓடவில்லை. 'புஷ்ப' வந்தது. 'வள்ளி' பாதியில் நின்றுவிட்டது. அதன்மேலேயே இன்னொருமுறை எழுதியதில் கோடுகள் இரட்டையாகி, கொஞ்சம் விலகி நின்றன.

அக்கா குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தட்டில் வரும் மின்தகட்டைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். "ரிஜெக்ட் கா. ரெண்டு தடவ வந்திருச்சு. வேற பிரிண்ட் எடுத்துட்டு வரேன்."

"குடு இங்க," என்று பேச்சியம்மாள் படத்தைப் பிடுங்கிக்கொண்டார். அடுப்புக்கு மேலே, தூக்கு கவிழ்த்து வைத்திருக்கும் பலகைக்குப் பக்கத்தில் ஆணி இருந்தது. அதில் மாட்டிவிட்டு, அக்காவுக்குத் தட்டு வைத்தார்.

"மீன் கொழம்பு இருக்கு. ஒக்காரு, பதினாலு."

"அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊரு பூரா கதவத் தட்டிச் சொன்னா தெரியாதா?"

அக்கா சாப்பிட்டுக்கொண்டே இரண்டு தடவை அண்ணாந்து பெயரைப் பார்த்தாராம். மூன்றாவது தடவை பார்க்கவில்லை.

ஆடி மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் பதாகை அதற்குள் எழுந்துவிட்டது. இந்த வருடமும் ஆயிரத்தெட்டுத்தான். பதினெட்டுக் கோட்டுகளிலும் பட்டன் மட்டும் போட்டுவிட்டார்கள்.